முதுகில் ஒரு கை

முதலாம் ஆண்டு நினைவு மலர் என்று எழுதி ஸ்கேல் வைத்து அடிக்கோடும் இழுத்தாயிற்று. அதற்குக் கீழே என் கணவர் மரிய டார்வின் அவர்கள் என்று எழுதினேன், அந்த அவர்களைப் பார்த்ததும் யாரோ வேற்று ஆளைப் பற்றி எழுதுகிற மாதிரி இருந்தது, அடித்தேன், அடித்த இடம் கறுப்பாய்க் கட்டிக்கொண்டு நிற்கிறது, காய்ந்த ரத்தமும் கறுப்பாகத்தான் ஆகும், சிவப்பாக இருக்கும் என்று சினிமா பார்ப்பவர்கள் நினைப்பார்கள். எதிரே ஆணியில் சட்டை தொங்குகிறது. சட்டையைப் பார்க்கக் கூடாது என்று பாயைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன், அப்போது அது முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது, அது இன்னும் மோசம், திரும்பவும் பழையபடி உட்கார்ந்துவிட்டேன். விடிந்தால் பெரியத்தான் போட்டோக்காரனோடு வருவார், என் புருஷனுக்கு மூத்தவர், சகாயம் என்று பேர். ஜோயலுக்கு அந்தச் சட்டையைப் போட்டுவிட வேண்டும். இரண்டு வயதுகூட நிறையாத பிள்ளைக்கு அப்பாவுடைய சட்டை கணுக்கால் வரை தொங்கும். அவனை முதுகு காட்டி நிற்க வைத்து எடுக்க வேண்டும், ஏனென்றால் கை முதுகில் இருக்கிறது. ரத்தத்தில் பதிந்த கை, அஞ்சு விரலும் தெரிகிற கை. அதுதான் மலருக்கு அட்டை, அதுதான் முக்கு முக்குக்கு வைக்கப்போகிற பேனர். பக்கத்தில் என்ன வரி என்று சாயங்காலம் பெரியத்தானே சொன்னார், டீயை ஆற்றிக்கொண்டு, ஏதோ கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் சொல்கிற மாதிரி: "அப்பா, இந்தக் கையை நான் மறக்க மாட்டேன்." மாமி, என் மாமியார், தலையாட்டினாள். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். "உள்ள ரெண்டு பக்கம் நீ எழுதிக் குடு. நீதான கான்வெண்ட்ல படிச்சவ, கட்டுரையில கப்பு வாங்குனவ. சிங்கம், சீற்றம், விதைச்சது மொளைக்கும், இப்பிடி வரணும். அழுகாச்சி மட்டும் வரப்படாது" என்றார் பெரியத்தான். அவர் சிங்கமில்லையே அத்தான், பல்லிக்குப் பயப்படுவாரே, பல்லி சுவரில் இருந்தால் அந்த அறைக்குள் வர மாட்டாரே, என்னைத்தான் விளக்குமாற்றோடு அனுப்புவார், இது என் வாய் வரைக்கும் வந்தது. "என்னட்டி முனங்குத?" என்றாள் மாமி. ஒண்ணுமில்ல மாமி, வெங்காயம்.

சிஸ்டர் பெனிட்டா கரும்பலகையில் மூன்று கோடு போடுவார்கள், முன்னுரை, பொருளுரை, முடிவுரை. ஒரு பத்திக்கு ஒரு கருத்துதான் பிள்ளைகளா, இரண்டு கருத்தை ஒரு பத்திக்குள் அடைத்தால் இரண்டும் மூச்சு முட்டிச் செத்துப்போகும். சிஸ்டர், எனக்கு எல்லாம் ஒரே பத்தியாக வருகிறதே, நான் என்ன செய்ய. முன்னுரையில் அவர் பிறந்த தேதியை எழுதலாம் என்று ஆரம்பித்தால் அவரைப் பெற்ற வலியில் தலையணையைக் கடித்தேன் என்று மாமி சொன்னது ஞாபகம் வருகிறது, தலையணை வந்தால் தலை வருகிறது, தலை வந்தால் உப்பளச் சாலை வந்துவிடுகிறது. எந்தப் பக்கம் போனாலும் அந்தச் சாலையில்தான் போய் நிற்கிறேன். தூறல். பைக். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வருகிறோம், உடம்பு கொதிக்கிறது, பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்திச் சட்டையைக் கழற்றினார். பனியனோடு ஓட்டுவீங்களா, பாக்குறவன் என்ன நெனைப்பான் என்றேன். "எவன் பாக்கான், உப்பு பாக்கும்" என்றார். சட்டையைப் பிள்ளைமேல் சுற்றி, சட்டைக் கை இரண்டையும் என் தோளில் போட்டு முடிச்சுப் போட்டார். முடிச்சுப் போடும்போது அவர் நாக்கு வெளியே வரும், சின்னப் பையன் படம் வரைகிற மாதிரி. அதை எழுதலாமா. சிங்கத்துக்கு நாக்கு வெளியே வரலாமா. அவர் மேலிருந்த துணியையெல்லாம் போலீஸ் கொண்டுபோய்விட்டது, பனியன், பேன்ட், பெல்ட், எல்லாவற்றையும் பொட்டலம் கட்டி அரக்கு வைத்து. இந்தச் சட்டை பிள்ளையோடு போனதால் தப்பியது. தப்பியதா. வெட்டு ஒன்றுகூட இல்லாத முழுச் சட்டை, நீலக் கட்டம் போட்டது, இரண்டாவது பொத்தான் நான் தைத்தது, வேறு நூல்.

அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். இதை நான் எவரிடமும் சொல்லவில்லை, மரியாதையைச் சொன்னால் நான் அவர்கள் பக்கம் பேசுகிற மாதிரி ஆகிவிடும். அஞ்சு பேரோடு ஒரு லோடு ஆட்டோ குறுக்கே வந்தது, பைக் சாய்ந்தது, என் முட்டி சிராய்த்தது, அதற்குள் ஒருவன் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "அக்கா, நீங்க அங்கிட்டுப் போயிருங்க" என்றான். பஸ்ஸில் இடம் விடுகிறவன் குரல். அப்புறம்தான் முதல் வெட்டு, தோளில், இவர் கையைத் தூக்கினார், கை தூக்கினால் என்ன நிற்கும். லாரியிலிருந்து உப்பு மூட்டையைத் தரையில் போட்டால் ஒரு சத்தம் வருமே, நனைந்த மூட்டை, அதுதான். வேறு எந்தச் சத்தமும் இல்லை. அவர் கத்தவில்லை, "ஏ ஏ ஏ" என்றார், மாட்டை விரட்டுகிற மாதிரி, அப்புறம் "பிள்ள, பிள்ள" என்றார். நான் அங்கிட்டுப் போகவில்லை, அவர்மேல் விழுந்தேன், ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் அவர் கழுத்து, கழுத்து சூடாக இருந்தது, சூடு என் விரல் இடுக்கு வழியாக வெளியே வந்துகொண்டேயிருந்தது, அழுத்திப் பிடித்தால் நிற்கும் என்று நினைத்தேன், குழாய்க்குத் துணி கட்டுகிற மாதிரி. அப்போதுதான் அவன், அஞ்சாவது ஆள், என் இரண்டு தோளையும் பிடித்துப் பின்னால் இழுத்தான். "பிள்ளைய இங்க குடுங்கக்கா, பட்டுரும்." குடுத்தேனா, பறித்தானா, முடிச்சு எப்போது அவிழ்ந்தது, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. வீறிட்டுக்கொண்டிருந்த பிள்ளை அவன் தோளில் போனதும் அழுகையை நிறுத்தியது. அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். தட்டிக்கொடுத்தான். தன் பிள்ளையைத் தட்டுகிற மாதிரி, மற்ற நால்வரும் வேலையை முடிக்கும்வரை தட்டிக்கொண்டே நின்றான், ஷ் ஷ் ஷ் என்றான், என் புருஷன் ரத்தம் அவன் கையில், அவன் கை என் புருஷன் சட்டையில். முடிந்ததும் பிள்ளையைத் திருப்பித் தந்தான், தலையைத் தாங்கித் தந்தான். நால்வர் கோர்ட்டில் போய்ச் சரணடைந்தார்கள். அஞ்சாவது ஆள் யாரென்று எவரும் வாய் திறக்கவில்லை. பெரியத்தான் ஒரு வருஷமாக என்னிடம் அதைத்தான் கேட்கிறார், கோழிக்குழம்பு கேட்கிற மாதிரி சாதாரணமாக, எப்போது வந்தாலும். "மொகத்த நெனைச்சிப் பாரு. அவசரமில்ல." இல்லத்தான், இருட்டு. சாயங்காலம் நாலு மணிக்கு என்ன இருட்டு என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் பயம். அவர் தாடி நெஞ்சு வரை வந்துவிட்டது, பழி தீர்கிற அன்றைக்குத்தான் வழிப்பாராம்.

இந்த வீட்டில் படத்துக்கு மாலை கிடையாது. பழி கிடக்கிற படத்துக்கு மாலை போடக் கூடாது, பழி கிடக்கிற வீட்டில் தாய் அழக் கூடாது, இவர்கள் வழக்கம். பெட்டியை மூடும்போதுகூட மாமி அழவில்லை, ஒப்பாரி எடுத்த பெண்களைப் பார்த்து, "எவளாச்சும் அழுதியோ, வாயக் கிழிச்சிருவேன்" என்றாள். பூசைக்கு வந்த சாமியாரே பயந்துபோய்ச் சீக்கிரம் முடித்தார். நானும் அழவில்லை, அழாமல் பால் கட்டிக்கொண்டது, காய்ச்சல் வந்தது, பிள்ளைக்குப் புட்டிப்பால். எங்கள் வீட்டில் அப்பா சொன்னார், வா, திருச்சிக்கே வந்துரு, மாமி வாசலில் நின்று ஒன்றுதான் சொன்னாள், நீ போ, எம் மவன் பிள்ளைய வச்சிட்டுப் போ. அதனால் இருக்கிறேன். இரவில் கதவுக்கு உள்ளே அம்மிக்குழவியை உருட்டி வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். நாய் குரைத்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறேன், அங்கே தூசி, அவனுக்குத் தும்மல் வரும், வாயைப் பொத்துவேன், ஒருநாள் ரொம்ப நேரம் பொத்திவிட்டேன், அவன் கண் பிதுங்கியதைப் பார்த்துக் கையை எடுத்தேன். பிள்ளையை யார் கொல்லப்போகிறார்கள், அவர்களா, நானா. இதை எந்தப் பத்தியில் வைப்பேன் சிஸ்டர். அடுத்த தெருவில் ஒரு பையன் இருந்தான், தகப்பனுடைய ஒவ்வொரு நினைவு நாளுக்கும் அவன் போட்டோவைப் போட்டுப் பேனர் வைத்தார்கள், பால்பல் விழுந்த வாயோடு ஒரு வருஷம், மீசை அரும்பி ஒரு வருஷம், ஊரே அவன் வளருவதைப் பார்த்துக்கொண்டிருந்தது, தகப்பனை வெட்டினவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலேஜ் சேர வேண்டிய வருஷம் அவனே போய் வெட்டினான். அடுத்த பேனர் அவனுக்கு. பேனரில் ஏறின பிள்ளை இறங்குவதில்லை. நாளைக்குக் காலையில் என் பிள்ளை ஏறுகிறான், முதுகு காட்டிக்கொண்டு, பிஸ்கட் காட்டினால் எந்தச் சட்டையானாலும் போட்டுக்கொள்வான்.

எழுது, ஜெனோவா. சிங்கம் என்று எழுதினேன். அடித்தேன். அவர் தோசைக்குச் சீனி தொட்டுக்கொள்வார். எழுதவில்லை, நினைத்தேன். கல்யாணமான புதிதில் ஒரு நாள், உங்க பேரு கேசுல இருக்காமே, எங்க வீட்டுல மறைச்சிட்டாங்களே என்றேன். தட்டைச் சுவரில் எறிந்தார், சட்னி வழிந்தது, கொஞ்ச நேரம் கழித்து அவரே துடைத்தார், துடைத்துக்கொண்டே, "நான் லைட்டுதான் அடிச்சேன் ஜெனோவா, டார்ச் லைட்டு, வேற ஒண்ணும் செய்யல" என்றார். சப்பரம் தூக்குகிற சண்டையில் ஆரம்பித்தது, யார் முன்னால் தோள் கொடுப்பது என்று, மாதாவை வீதியில் வைத்துவிட்டு அடித்துக்கொண்டார்கள், அப்புறம் ஒரு ராத்திரி அந்தப் பக்கத்து ஆள் ஒருவனை வாழைத்தோட்டத்தில் வைத்து. இவர் லைட்டுதான் அடித்தார். லைட்டு அடிக்காட்டி அவங்களுக்குக் கழுத்து எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்குமா என்று கேட்டேன். போய்ப் படுத்துக்கொண்டார், சுவரைப் பார்த்து. தூக்கத்தில் அவர் விரல் ஒன்று துடிக்கும், கட்டை விரல், டார்ச் பொத்தானை அமுக்குகிற மாதிரி. இவர் லைட்டுதான் அடித்தார். அவன் பிள்ளையைத்தான் பிடித்தான். அவனை நான் மறுபடியும் பார்த்தேன், அதையும் எவரிடமும் சொல்லவில்லை, பெரியாஸ்பத்திரியில், ஜோயலுக்குத் தட்டம்மை ஊசிக்கு வரிசையில் நிற்கிறேன், முன்னால் ஒருவன் தோளில் ஒரு பெண்குழந்தை, பொட்டு வைத்தது, ஊசி போட்டு அலறுகிறது, அவன் தட்டுகிறான். கைதான் முதலில் தெரிந்தது. முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன், சுண்டு விரல் நுனி இல்லாத கை, சட்டையிலும் சுண்டு விரல் குட்டைதான், அதை இதுவரை நான் ஒருத்திதான் கவனித்திருக்கிறேன். அவன் திரும்பினான். என்னைப் பார்த்தான், ஜோயலைப் பார்த்தான். "நீங்க முன்னால போங்கக்கா" என்று விலகினான். போனேன். வரிசையில் முன்னால் போனேன் சிஸ்டர், வேறென்ன செய்ய, கடப்பாரையா இருந்தது என் கையில், பிள்ளை இருந்தது.

பேனர் பெரிது. பேனரில் அந்தக் கை ஆள் உயரத்துக்கு வரும். சுண்டு விரல் குட்டை என்பது பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரியும். பெரியத்தானுக்குத் தெரியாமலா போகும், இதுவரை சட்டையை மாமி பீரோவுக்குள் பிளாஸ்டிக் உறையில் பூட்டி வைத்திருந்தாள், எவரையும் தொடவிட்டதில்லை, இன்றைக்குத்தான் வெளியே வந்திருக்கிறது. நாளைக்கு வெளிச்சத்தில் போட்டோக்காரன், கொஞ்சம் திரும்பு தம்பி, ஆ, அப்படித்தான் என்பான், பெரியத்தான் குனிந்து பார்ப்பார், ஒரு குட்டை விரலைத் தேடி ஊருக்குள் ஆள் போகும். அந்தப் பெண்குழந்தையின் தகப்பன் ஏதாவது சாலையில், ஏதாவது தூறலில். அப்புறம் அந்தப் பக்கத்துக்காரர்கள் யாரைத் தேடுவார்கள், தேடவே வேண்டாம், பேனரில் நாமே காட்டியிருப்போம், இதோ இவன், இந்த உயரம். எழுந்தது என் கால்தான், நான் எழவில்லை. சட்டையை ஆணியிலிருந்து எடுக்கும்போது அது விறைப்பாக இருந்தது, முதுகு அட்டை மாதிரி. சமையலறையில் பக்கெட். ரத்தத்துக்குச் சுடுதண்ணீர் ஆகாது, பச்சைத் தண்ணீரும் கல்லுப்பும், இது ஹாஸ்டலில் படித்தது, எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாதது, வயசுக்கு வந்த புதிதில் படுக்கை விரிப்பு கறையானால் விளக்கணைத்த பிறகு மூத்த அக்காமார் சொல்லிக்கொடுப்பார்கள், குழாயைச் சத்தமில்லாமல் திற, கசக்காதே, அமுக்கு. சிஸ்டருக்குத் தெரியக் கூடாது. ஒரு பள்ளிக்கூடம் முழுக்க இராத்திரியில் சத்தமில்லாமல் ரத்தம் துவைக்கப் படித்தோம். அமுக்கினேன். தண்ணீர் முதலில் தேயிலை நிறமாயிற்று, பிறகு துரு. கொட்டினேன், மறுபடி உப்பு, மறுபடி தண்ணீர், இந்த ஊரில் உப்புக்குப் பஞ்சமில்லை, இவர் லாரியிலிருந்து இறக்கின உப்புதான், மூட்டை இன்னும் பாதி இருக்கிறது. பிறகு சோப்பு. விரல்கள் ஒவ்வொன்றாகப் போயின, கட்டை விரல், மோதிர விரல், சுண்டு விரலை நகத்தால் சுரண்டினேன், நகம் பிய்ந்தது, புதுச் சிவப்பு ஒரு சொட்டு விழுந்தது, அதையும் சேர்த்து அமுக்கினேன்.

லைட்டு எரிந்தது. மாமி. முடி அவிழ்ந்து, ரவிக்கை மேல் கொக்கி போடாமல், ஆணியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள், அந்த முகத்தை எனக்குத் தெரியும், பெட்டியை மூடுகிற அன்றைக்குப் பார்த்த முகம். முதல் அடியில் காது அடைத்துக்கொண்டது. இரண்டாவது அடியில் பக்கெட் சரிந்தது. கொண்டையைப் பிடித்துத் தலையைத் தொட்டிச் சுவரில் இடித்தாள், நான் சட்டையை விடவில்லை, அவளும் ஒரு கையால் சட்டையைப் பிடித்தாள், ஈரத்துணியை இரண்டு பக்கமும் முறுக்கிப் பிழிகிற மாதிரி நின்றோம், தண்ணீர் ஓடியது, "தேவிடியா, எம் மவன் பழிய கழுவிட்டியே, யாருக்குட்டி கழுவுன, எவனுக்குட்டி" என்றாள், எம் பிள்ளைக்கு மாமி, எம் பிள்ளைக்கு என்று நான் கத்தினேன், ஒரு வருஷத்தில் அந்த வீட்டில் நான் கத்தியது அதுதான் முதல், ஒரு குரல் என்னிடம் இருந்தது எனக்கே அதிசயம். உள்ளே ஜோயல் விழித்து அழ ஆரம்பித்தான். மாமி சட்டையைப் பிடுங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். கறையைப் பார்க்கத்தான் என்று நினைத்தேன். அவள் பார்க்கவில்லை. மோந்தாள். கக்கம், காலர், மறுபடி காலர், நாய் குட்டியைத் தேடுகிற மாதிரி துணி முழுக்க மூக்கை ஓட்டினாள், சோப்பு, சோப்பைத் தவிர ஒன்றுமில்லை. "அவன் வாடை" என்றாள். "ஏட்டி, அவன் வாடை போயிட்டே." அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மாமி ஏன் பீரோச் சாவியை இடுப்பைவிட்டு இறக்கியதில்லை என்று, மதியம் எல்லாரும் படுத்த பிறகு அந்தப் பீரோ ஏன் தினமும் கிரீச்சிட்டது என்று. என் கையும் சோப்பு வாடைதான் அடித்தது. தேங்காயெண்ணெயும் டீசலும் வேர்வையும் கலந்த அந்த வாடை இனி உலகத்தில் எங்கும் இல்லை, நான்தான் கடைசியாக அதைச் சாக்கடையில் ஊற்றினேன். மாமி ஈரத் தரையில் உட்கார்ந்தாள். காலரை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள், அடைக்க முடியவில்லை, முதலில் இருமல் மாதிரி வந்தது, பிறகு வாந்தி மாதிரி, பிறகு ஒரேயடியாக, எம் ராசா, எம் ராசா என்று, நெஞ்சில் அறைந்துகொண்டு, சுவர் அதிர, ஒரு வருஷத்து அழுகை. பக்கத்து வீட்டில் லைட்டு எரிந்தது, எதிர்வீட்டிலும். கதவைத் திறந்து யாரோ, "டார்வின் அம்மையா அழுதா?" என்று கேட்டார்கள். நான் போய் ஜோயலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றேன், காதிலிருந்து ஏதோ வழிந்தது, துடைக்கவில்லை, பிள்ளை வாயைப் பொத்தவும் இல்லை.

கோயில் மணி அடிக்கும்போது மாமிக்குக் குரல் போய்விட்டிருந்தது. தாளை எட்டிப் பார்த்தாள், அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். "என்ன எழுதிருக்க?" ஒண்ணும் எழுதல மாமி. "தோசைக்குச் சீனி தொட்டுத் தின்பானே, எழுதுனியா?" இல்ல. "பல்லி?" இல்ல மாமி. "கப்பு வாங்குனாளாம், கப்பு" என்று மூக்கைச் சிந்திப்போட்டாள். எழுதினேன். முன்னுரை இல்லாமல், பத்தி பிரிக்காமல், முடிச்சுப் போடும்போது அவர் நாக்கு வெளியே வரும் என்று ஆரம்பித்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் பேனாவைப் பிடித்து இழுக்க இழுக்க எழுதினேன். மாமி சட்டையைப் பிழிந்து, உதறி, வாசல் கொடியில், தெருவைப் பார்க்கிற கொடியில் விரித்துப் போட்டாள். முதுகில் கறை முழுக்கப் போகவில்லை, டீ சிந்தின மாதிரி ஒரு பழுப்பு நின்றது, அதில் விரல் இல்லை. மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. "ஜெனோவா, பயல கெளப்பு, போட்டோக்காரர் வந்துட்டாரு" என்று பெரியத்தான் குரல், கேட் திறக்கிற சத்தம், பிறகு ஒரு சத்தமும் இல்லை, கொடியைப் பார்த்திருப்பார். ஜோயலை இறுக்கிக்கொண்டேன், அவன் சிணுங்கினான். மாமி வாசற்படியில், குறுக்கே, இரண்டு நிலைக்கும் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள், வீங்கிய கண்ணை மறைக்கவில்லை. "யம்மா, என்னம்மா இது, யாரு செஞ்சா? அழுதியாம்மா நீ? யம்மா!" என்றார் அவர். போன குரலில், காற்று மட்டும் வருகிற மாதிரி, மாமி சொன்னாள்:

"சட்டை காயல. போ."